ஒரு கணினியில் இரு முறைமைகள்

ஒரே வன்தட்டில் விண்டோசும் உபுண்டுவும் இருக்க, விண்டோஸ் பழுதுற்றதென்று தட்டு முழுவதையும் துடைப்பார் உளர். இது வேண்டாத இழப்பு. முதற்கண் கோப்புகளைப் புறத்தட்டொன்றிற் படியெடுத்தல் வேண்டும். நிறுவுங்கால் விண்டோசுக்குரிய பகுதியை மட்டுமே அழிக்க. உபுண்டுவின் பகுதி அங்கே பெயரின்றி எண்ணும் அளவுமாகவே தோன்றுமாதலின், அவ்வளவை முன்னரே குறித்துவைத்தல் நன்று. பிழைகள் பெரும்பாலும் இவ்விடத்தேதான் நிகழ்கின்றன. ஈஎஃப்ஐ எனப்படும் சிறு பகுதியில் இரண்டினதும் தொடக்க நிரல்கள் தனித்தனிக் கோப்புறைகளில் உள. அதனை அழிப்பின் உபுண்டு எழாது.

விண்டோஸ் மீள நிறுவப்பட்டபின் தன்னையே முதலில் நிறுத்திக்கொள்ளும். உபுண்டு அழிந்ததென அஞ்சற்க; யூஈஎஃப்ஐ அமைப்பின் தொடக்க வரிசையில் அதனை முன்னிறுத்தினாற் பெரும்பாலும் போதும். பழைய பயோஸ் கணினிகளிலோ தட்டின் முதற்கூற்றிலுள்ள தொடக்க நிரலே மேலெழுதப்படுமாதலால், உபுண்டு நிறுவல் தட்டிலிருந்து கிரப் நிரலை மீளப் பதித்தல் வேண்டும்.