'சைட்' என முடியும் சொற்கள்

மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் புல்லுக்குத் தெளிப்பதை 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டனர். கலனில் உள்ள ஆங்கிலப் பெயரோ வேறு செய்தி சொல்கிறது: 'ஹெர்பிசைட்'. இலத்தீனில் 'ஹெர்பா' என்பது புல், பூண்டு. 'சைட்' என்னும் ஈறு, வெட்டுதல், கொல்லுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. இந்த ஈற்றை அறிந்தவருக்கு 'இன்செக்டிசைட்' பூச்சியையும் 'ஃபங்கிசைட்' பூஞ்சையையும் 'ரோடென்டிசைட்' எலி போன்ற கொறிப்பனவற்றையும் கொல்பவை என்பது எளிதில் விளங்கும். தமிழும் களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி என இதே முறையில்தான் சொல் ஆக்கியுள்ளது.

எனினும், ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் கொல்லும் பொருளுக்கும் கொல்லும் செயலுக்கும் ஈறு ஒன்றே. 1944இல் ராபேல் லெம்கின் என்னும் சட்ட அறிஞர் நூலொன்றில் அறிமுகப்படுத்திய 'ஜெனோசைட்' என்ற சொல் செயலைக் குறிக்கிறது. தமிழ் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும். பொருளாயின் 'கொல்லி', செயலாயின் 'கொலை'. ஆகவே, ஜெனோசைட் நமக்கு இனப்படுகொலை ஆயிற்று.

எல்லாக் கொல்லிகளும் தம் பெயரிலேயே இந்த ஈற்றைத் தாங்கி வருவதில்லை. சிறிதளவு விழுங்கினாலும் உயிரைப் பறிக்கக்கூடிய பாராகுவாட், மலேசியாவில் 2020 ஜனவரி முதல் நாள் தடை செய்யப்பட்டது. அதுவும் ஒரு களைக்கொல்லியே. தோட்டங்களில் அதன் பெயரும் 'மருந்து'தான்.