கனத்த நரம்பும் களைத்த சுறாவும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவைப் பார்த்த மேற்குக் கரையில், காஸ்பரில்லா என்று மெலிந்து நீண்ட ஒரு தீவு இருக்கிறது. அதன் தென்முனையில் 1890-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. அதற்குத் தெற்கே காயோ கோஸ்டா தீவு. இரண்டுக்கும் நடுவே கடல் உள்ளே புகும் ஆழமான வாய்தான் போக்கா கிராண்டே முகத்துவாரம். பீஸ், மயாக்கா ஆகிய ஆறுகள் வந்து சேரும் சார்லட் விரிகுடாவின் தண்ணீரில் பெரும்பகுதி இந்த வாய் வழியாகத்தான் ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் வலுக்கும்போது நண்டுகள் கூட்டம் கூட்டமாக வெளியே அடித்துக்கொண்டு வரப்படும். அவற்றைத் தின்ன ஏப்ரல் முதல் ஜூலை வரை டார்பன் மீன்கள் வந்து கூடும். ஆள் உயரத்துக்கு வளரும் மீன் அது. டார்பனைத் தின்னச் சுறா வரும்.

பகலில் டார்பனுக்கு ஆள் ஏற்றிப் போகும் வாடகைப் படகுகளில் சில, பொழுது சாய்ந்ததும் சுறாவுக்குக் கிளம்புகின்றன. படகு, ரீல், இரை எல்லாம் கேப்டனுடையவை. சில மணி நேரத்துக்குப் பணம் கட்டிக்கொண்டு ஏறுகிறவர் மீன்பிடிக்கவே தெரியாதவராகவும் இருக்கலாம். பிடித்த சுறாவைப் பெரும்பாலும் படகோரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் சுறாவுக்காக வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பது பிழைப்புக்காக. இங்கே நடப்பது விளையாட்டு. விடுவதற்கென்றே பிடிக்கிற மீன், விட்ட பிறகு பிழைத்தாக வேண்டும். அது செத்துப்போகுமானால் இந்த விளையாட்டுக்கு எந்த நியாயமும் இல்லை. பிழைக்குமா பிழைக்காதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் படகில் பூட்டியிருக்கும் கருவிதான்.

இரவில் ஏன் போகிறார்கள்? வெயிலும் படகுக் கூட்டமும் குறைந்திருக்கும் என்பது ஒரு காரணம். ஆனால் இருட்டுதான் சுறாவுக்குச் சாதகமான நேரம் என்பதே முக்கியம். அதன் விழித்திரைக்குப் பின்னால் குவானின் படிகங்களால் ஆன கண்ணாடிப் படலம் உண்டு. ஒருமுறை விழித்திரையைத் தாண்டிப்போன ஒளியை அது திருப்பி அனுப்ப, கண்ணுக்கு அதே ஒளி இரண்டாம் முறையும் கிடைக்கிறது. பூனைக் கண் இரவில் மின்னுவதும் இத்தகைய படலத்தால்தான். பல சுறா இனங்கள் பகல் வெளிச்சத்தில் இந்தக் கண்ணாடியைக் கறுப்பு நிறமியால் மூடிக்கொள்கின்றன, இருட்டியதும் திறந்துவிடுகின்றன.

அதற்கும் முன்னால் வேலை செய்வது மூக்கு. எண்ணெய்ப்பசை மிகுந்த மென்ஹேடன் மீனை அரைத்து, கட்டியாக உறையவைத்து, வலைப்பையில் போட்டுப் படகின் பின்புறம் தொங்கவிடுவார்கள். கட்டி கரையக் கரைய எண்ணெயும் துணுக்குகளும் நீரோட்டத்தோடு நீண்ட தடமாக இறங்கும். மணம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் சுறா திரும்பும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். சிறிய சுறா இனம் ஒன்றை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வு வேறு விதமாகக் காட்டியது: எந்த மூக்குத்துளைக்கு மணம் முந்தி எட்டுகிறதோ, அந்தப் பக்கம் அது திரும்புகிறது. மணத் தடத்தை எதிர்த்து நீந்தி நெருங்கியதும், உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு நீரின் அசைவைச் சொல்கிறது. கடைசி ஓரிரு அடியில் மின்னுணர்வு வந்து சேர்கிறது. மூக்கு நுனியைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் தெரியும் துளைகளை இத்தாலியரான லோரென்சினி 1678-இலேயே விவரித்துவிட்டார். அவை எதற்கு என்று புரிய ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆயின. மணலுக்குள் மீனுக்குப் பதில் மின்முனைகளைப் புதைத்தாலும் சுறா அதே இடத்தைத் தோண்டுகிறது என்று ஹாலந்து விஞ்ஞானி கால்மெய்ன் 1971-இல் நிரூபித்தார். எந்த உயிரின் தசையிலிருந்தும் கசியும் மெல்லிய மின்புலமே அதற்குப் போதும்.

சுறாவைப் பற்றிய அறிவியலில் இந்தக் கரைக்குத் தனிப் பங்கு உண்டு. தீவுக்கு எதிரே நிலப்பக்கம் இருக்கும் பிளாசிடா என்ற சிற்றூரில், சிறிய மரக்கட்டடம் ஒன்றில், 1955-இல் யூஜினி கிளார்க் என்ற பெண் விஞ்ஞானி ஓர் ஆய்வகம் தொடங்கினார். அந்தப் பகுதி மீனவர் ஒருவர் அவருக்குச் சுறா பிடித்துக் கொடுத்தார். லெமன் சுறாக்கள் ஒரு பலகையை முட்டினால் உணவு கிடைக்கும் என்று கற்றுக்கொள்வதை அவர் காட்டினார். சுறா என்றால் புத்தியில்லாத வெறும் வாய் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆய்வகமே பின்னால் வடக்கே இடம்பெயர்ந்து, சரசோட்டாவின் மோட் கடல் ஆய்வகமாக வளர்ந்தது.

இனி கருவிக்கு வருவோம். குட்டையான, தடித்த கம்பு. அதில் உருளை வடிவப் பெரிய ரீல். 80 அல்லது 130 பவுண்டு இழுவை தாங்கும் தூண்டில் நரம்பு நூற்றுக்கணக்கான மீட்டர் சுற்றியிருக்கும். நரம்பின் நுனியில் முள்ளை நேரடியாகக் கட்டினால், சுறாவின் பல் ஒரே கடியில் துண்டித்துவிடும். அதனால் முள்ளை ஒட்டி எஃகுக் கம்பி. கம்பிக்கு மேலே சில மீட்டருக்கு மிகத் தடித்த நைலான் நரம்பு. இது பல்லுக்காக அல்ல, தோலுக்காக. சுறாவின் தோல் முழுக்கப் பல்லின் அமைப்பையே கொண்ட நுண்செதில்கள். திமிறும்போது வால் உரசினால் மெல்லிய நரம்பு அறுந்துவிடும்.

ரீலின் உள்ளே இருக்கும் கார்பன் தட்டுகள்தான் இந்தக் கருவியின் உயிர்நிலை. சைக்கிள் பிரேக் போல அவை ஒன்றை ஒன்று அழுத்தி உரசும். நெம்புகோலைத் தள்ளத் தள்ளப் பிடி இறுகும். நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பிடியை வைப்பது பொது வழக்கம். அதற்குமேல் மீன் இழுத்தால் நரம்பு அறாமல் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடும். ஓடும் ஒவ்வொரு மீட்டருக்கும் மீன் அந்தப் பிடியை எதிர்த்து உழைத்தாக வேண்டும்.

அடுத்து முள். கையில் வாங்கிப் பார்த்தால், இது எதையாவது குத்துமா என்று சந்தேகம் வரும். சாதாரணத் தூண்டில் முள்ளின் முனை மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். வட்ட முள்ளின் முனையோ தண்டை நோக்கிச் செங்கோணமாக உள்ளே மடிந்திருக்கும். விரலால் அழுத்தினாலும் எளிதில் குத்தாது. இரையை விழுங்கிக்கொண்டு சுறா நகரும். நரம்பு இறுகியதும் முள் தொண்டையில் பிடிக்காமல் வழுக்கி வெளியே வரும். வாயின் ஓரத்துக்கு வந்ததும் திரும்பித் தாடை மூலையில் மாட்டிக்கொள்ளும். வயிற்றுக்குள் போய்க் குடலைக் கிழிக்கும் ஆபத்து பெருமளவு குறைகிறது. துருப்பிடிக்காத எஃகில் இதைச் செய்யக் கூடாது. கம்பியை வெட்டிவிட நேர்ந்து முள் தாடையிலேயே தங்கிவிட்டால், நாளடைவில் அது துருவேறி உதிர வேண்டும்.

இரைக்குச் சூரை, பாரை, மடவை, திருக்கைத் துண்டு எல்லாம் ஆகும். காற்று ஊதிய பலூனை மிதவையாகக் கட்டி, ஒளிரும் குச்சி ஒன்றை அதோடு சேர்த்து நீரோட்டத்தில் விடுவார்கள். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். ரீலில் கிளிக்கர் என்று ஒரு சிறு பல்சக்கரம் இருக்கும். நரம்பு போகும்போது அது கத்தும். முதலில் ஒன்றிரண்டு கிளிக். அலையாக இருக்கலாம், நண்டு கொறிப்பதாகவும் இருக்கலாம். பிறகு ஒரே மூச்சில் கிர்ரென்று ஓடத் தொடங்கினால் அதுதான் சுறா. கம்பை வெட்டி இழுக்கச் சொல்லிக் கை துடிக்கும். வட்ட முள்ளில் அதைச் செய்தால் முள் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். நெம்புகோலை மெல்ல முன்னே தள்ளிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மீன் தன் ஓட்டத்தாலேயே மாட்டிக்கொள்ளும். புதிதாக வருகிறவர்களைச் சும்மா இருக்கவைப்பதுதான் கேப்டனுக்குப் பெரிய வேலை.

மாட்டிய நொடியிலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. சுறா நிதானமாக நீந்துவதற்குச் செந்தசை, பாய்வதற்கு வெண்தசை. வெண்தசை ஆக்சிஜனுக்குக் காத்திராமல் வேலை செய்யும், பதிலுக்கு லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். போராட்டம் நீள நீள இரத்தம் அமிலமாகிக்கொண்டே போகும். வெப்பக் கடலில் இது இன்னும் மோசம். 10 டிகிரி செல்சியஸ் கடல்நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும்; 30 டிகிரியில் 6 சொச்சம்தான். கோடையில் இந்தக் கரையோர நீர் 30 டிகிரியைத் தொடும். உடலின் தேவை வெப்பத்தால் கூடுகிற அதே நேரத்தில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அத்தோடு, கருநுனிச் சுறா, கொம்பன் சுறா போன்றவை வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் போதிய தண்ணீர் பாயும். நர்ஸ் சுறாவோ தரையில் படுத்தபடியே வாயால் நீரை உறிஞ்சி மூச்சுவிடும். அதனால் அது பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது.

எல்லாச் சுறாவும் ஒரே அளவுக்குத் தாங்குவதில்லை. மயாமி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புளோரிடாவில் பிடித்து விட்ட சுறாக்களின் இரத்தத்தைச் சோதித்து, செயற்கைக்கோள் பட்டை கட்டிப் பின்தொடர்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். புலிச்சுறா ஏறக்குறைய எதுவும் நடக்காதது மாதிரி நீந்திப் போனது. பெருங்கொம்பன் சுறாவின் நிலைதான் எல்லாவற்றிலும் பரிதாபம். இவ்வளவு பெரிய உடம்பு, திருக்கையை அகன்ற தலையால் தரையில் அமுக்கிப் பிடித்துத் தின்னும் அவ்வளவு வலிமை. ஆனால் தூண்டிலில் மாட்டினால் கடைசிச் சொட்டு பலம் வரை போராடிவிடும், விட்ட பிறகும் பல சமயம் செத்துப்போகும். உலகளவில் அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்ட இனம் இது.

மெல்லிய நரம்பில் பெரிய மீனைப் பிடிப்பதுதான் வீரம் என்ற எண்ணம் தூண்டில் விளையாட்டில் ஆழமாக ஊறியிருக்கிறது. நரம்பின் பலத்தை வைத்துத் தனித்தனியாகச் சாதனைப் பட்டியலே உண்டு. மற்ற மீன்களுக்கு அது எப்படியோ, வெப்பக் கடல் சுறாவுக்கு அது கொடுமை. மெல்லிய நரம்பு என்றால் இளகிய பிடி. இளகிய பிடி என்றால் மணிக்கணக்கில் இழுபறி. கனத்த நரம்பு, இறுகிய பிடி, நங்கூரத்தை மிதவையோடு கழற்றிவிட்டு மீன் போகும் திசைக்கே படகைச் செலுத்தி நரம்பை மீட்கும் கேப்டன்: இவை மூன்றும் இருந்தால் இழுபறி நிமிடக் கணக்கில் முடியும். பார்ப்பதற்கு முரட்டுத்தனமாகத் தெரியும் இந்தக் கருவியே சுறாவுக்குச் செய்யக்கூடிய பெரிய கருணை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2006 மே மாதத்தில் இதே போக்கா கிராண்டேயில் 1,280 பவுண்டு, அதாவது சுமார் 580 கிலோ எடையுள்ள பெருங்கொம்பன் சுறா பிடிபட்டது. உலகச் சாதனை. எடை போட்டால்தான் சாதனை. கரைக்குக் கொண்டுவந்தால்தான் எடை. அதன் உடலை மோட் ஆய்வகத்தார் அறுத்துப் பார்த்தபோது உள்ளே பிறக்கும் தறுவாயில் 55 குட்டிகள் இருந்தன. இந்த இனம் குட்டிகளைச் சுமார் பதினோரு மாதம் சுமக்கிறது, ஈன்ற அடுத்த ஆண்டே மீண்டும் சினையாவதில்லை. அந்த எடையில் சினைக்கும் பங்கு உண்டு என்பதை எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கிறது. மிகப் பெரிய சுறாவைத் தேடிப் போகிறவர், பெரும்பாலும் ஒரு தாயைத்தான் தேடிப் போகிறார்.

சட்டம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. மாநிலக் கடலில் 2010-இல் லெமன் சுறாவையும், 2012-இல் புலிச்சுறாவையும் கொம்பன் சுறாக்களையும் பிடித்து வைத்துக்கொள்ளத் தடை விதித்தார்கள். 2019 ஜூலை முதல், இயற்கை இரை வைத்துச் சுறா பிடிப்பவர் படகிலிருந்தானாலும் கரையிலிருந்தானாலும் வட்ட முள்ளே பயன்படுத்த வேண்டும். கம்பியையோ முள்ளையோ சட்டென்று வெட்டும் கருவியைக் கையோடு வைத்திருக்க வேண்டும். கரையிலிருந்து பிடிப்பவருக்கு அனுமதிச் சீட்டும் கட்டாயம். தடைசெய்யப்பட்ட இனம் மாட்டினால் செவுள் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், விடுவதற்குத் தாமதிக்கவும் கூடாது. கடற்கரை மணலில் அத்தகைய சுறாவை இழுத்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து படம் எடுக்கும் வழக்கம் இதனால் குற்றமாயிற்று. படகில் ஏற்றிப் படம் எடுப்பதும் எனக்கு ஏற்புடையதல்ல. சுறாவுக்கு விலா எலும்பு கிடையாது. தண்ணீர் தாங்கிப் பிடிக்காவிட்டால் அதன் உடல் எடையே உள்ளுறுப்புகளை நசுக்கும். வாலைப் பிடித்துத் தூக்கினால் பாதிப்பு இன்னும் அதிகம். கொம்பன் தலை படகோரத்தில் தெரிந்த கணமே கம்பியை வெட்டிவிடுகிற கேப்டன்களும் இருக்கிறார்கள். பணம் கட்டி வந்தவர் முகம் சுளித்தாலும் அவர்கள் காத்திருப்பதில்லை. முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மற்ற சுறாக்களை விடுவதற்கு முன் சில கேப்டன்கள் ஒரு வேலை செய்கிறார்கள். நீண்ட குச்சியின் நுனியில் சிறு ஈட்டிமுனை. அதோடு விரல்நுனி அளவில் ஒரு குப்பி. முதுகுத் துடுப்பின் அடியில் ஒரே குத்து. குப்பிக்குள் எண்ணும், எங்கே தெரிவிக்க வேண்டும் என்ற குறிப்பும் பல மொழிகளில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இனம், ஆணா பெண்ணா, உத்தேச நீளம், பிடித்த இடம், தேதி எல்லாவற்றையும் அட்டையில் எழுதி, ரோட் ஐலண்ட் மாநிலத்து நாரகான்செட் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். 1962-இல் தொடங்கிய திட்டம் இது. லட்சக்கணக்கான சுறாக்களுக்கு இதுவரை குப்பி கட்டியிருக்கிறார்கள், கட்டியவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தூண்டில்காரர்கள். எந்த இனம் எவ்வளவு தூரம் போகிறது, எந்த மாதத்தில் எங்கே கூடுகிறது, எவ்வளவு மெதுவாக வளர்கிறது என்பதெல்லாம் பெருமளவில் இந்த அட்டைகளால்தான் தெரிய வந்தது. குப்பியோடு விட்ட மணல்திட்டுச் சுறா ஒன்று 27 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து மீண்டும் பிடிபட்டிருக்கிறது.