அழைப்பு – 7: ரமாபாய் போட்ட திட்டங்கள்

சென்ற வாரம் ஐடா ஸ்கடரின் கதையைப் பார்த்தோம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு ஆள் வந்தது. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூன்று வீட்டாரும் மறுத்தார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். விடிந்தபோது தன் வாழ்க்கை எதற்கு என்று ஐடாவுக்குத் தெரிந்துவிட்டது. சாட்சிக் கூட்டங்களில் நாம் கேட்டு வளர்ந்ததெல்லாம் இந்த மாதிரிக் கதைகள்தான். அதனாலேயே, ‘எனக்கு அப்படி ஓர் இரவு வரவே இல்லையே, அப்படியானால் எனக்கு அழைப்பே இல்லையா?’ என்று மருகும் பிள்ளைகள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள்.

அவர்களுக்காகவே இந்த வாரம் புனேக்குப் போகிறோம். பண்டித ரமாபாய்க்கு அப்படி ஓர் இரவு வாய்க்கவில்லை. அவர் போட்ட திட்டங்களில் பாதிக்கு மேல் நடக்கவும் இல்லை.

1858-இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற காட்டுப் பகுதியில் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, பெண்களுக்கும் சமஸ்கிருதம் கற்பிக்கலாம் என்று பிடிவாதம் பிடித்த பண்டிதர். முதலில் மனைவிக்குக் கற்பித்தார், பிறகு மகளுக்கு. கோயில் கோயிலாக நடந்து புராணம் வாசித்துப் பிழைத்த குடும்பம் அது. சென்னை மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது அந்தப் பிழைப்பும் போயிற்று. 1874-இல் தந்தை பட்டினியில் இறந்தார். அடுத்தடுத்துத் தாயும் அக்காவும் போனார்கள். அண்ணன் சீனிவாசனுடன் கால்நடையாகவே அலைந்து, 1878-இல் கல்கத்தா சேர்ந்தார். அங்கிருந்த அறிஞர்கள் அவருடைய புலமையைச் சோதித்துப் பார்த்துப் ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ என்று பட்டம் கொடுத்தார்கள். 1880-இல் அண்ணனும் இறந்தார். அதே ஆண்டில் சாதி கடந்து ஒரு வங்காள வழக்கறிஞரை மணந்தார். 1882 பிப்ரவரியில் காலரா கணவரைக் கொண்டுபோனது. கையில் மனோரமா என்ற குழந்தை. ரமாபாய்க்கு வயது 24-கூட நிரம்பவில்லை.

அந்த நிலையில்தான் புனேக்கு வந்தார். வந்த சில மாதங்களுக்குள் ஆரிய மகிளா சமாஜம் என்ற பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு, ஆங்கில அரசு அமைத்த ஹண்டர் கல்விக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். இந்தியப் பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். சொன்னதோடு விடாமல், தானே மருத்துவராவது என்று முடிவெடுத்தார். வாழ்க்கையில் அவராகத் தேர்ந்துகொண்ட முதல் தெளிவான இலக்கு அது. ‘ஸ்த்ரீ தர்ம நீதி’ என்று மராத்தியில் ஒரு புத்தகம் எழுதி, விற்ற காசில் கப்பலேறினார்.

இங்கிலாந்தில் அந்த இலக்கு உடைந்தது. காது மந்தம், மருத்துவப் படிப்பு சாத்தியமில்லை.

ஆனால் அதே இங்கிலாந்தில், லண்டனை அடுத்த ஃபுல்ஹாமில் அவர் கண்ட ஒன்றை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. வாண்டேஜ் ஊரைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் கன்னியர்தான் அவருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். புனேயிலும் அவர்களுக்கு மடம் இருந்தது. ‘கெட்டுப்போனவள்’ என்று ஊர் ஒதுக்கிய பெண்களுக்காக அவர்கள் ஃபுல்ஹாமில் ஒரு இல்லம் நடத்தினார்கள். அந்தப் பெண்களை அங்கே யாரும் அருவருக்கவில்லை, அன்போடு கவனித்துக்கொண்டார்கள். தான் படித்த சாஸ்திரங்கள் அப்படிப்பட்ட பெண்ணுக்குத் தண்டனையைத்தான் சொல்லியிருந்தன என்பது ரமாபாய்க்குத் தெரியும். இவர்கள் மட்டும் ஏன் இப்படி என்று ஒரு கன்னியரைக் கேட்டார். அவர் யோவான் நான்காம் அதிகாரத்தை எடுத்து, கிணற்றடியில் இயேசுவோடு பேசிய சமாரியப் பெண்ணின் கதையைச் சொன்னார். 1883 செப்டம்பர் 29 அன்று ரமாபாயும் மனோரமாவும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இத்தோடு முடித்திருந்தால் நல்ல சாட்சிக் கதை ஆகியிருக்கும். ரமாபாய் அப்படி வசதியான ஆள் இல்லை. செல்ட்டனம் கல்லூரியில் படித்துக்கொண்டே, திரித்துவம் பற்றித் தன்னைச் சேர்த்துக்கொண்ட சபையோடு கடிதத்தில் வாதாடினார். ஆண்களுக்கு அவர் பாடம் சொல்லித்தரக் கூடாது என்று ஆயர்கள் சொன்னபோது, பணியவும் மறுத்தார். ஒரு குருமார் கூட்டத்திடமிருந்து தப்பி வந்தது இன்னொன்றிடம் சிக்கவா என்ற கேள்வி அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த பகுதி இதுதான். சொன்னபடி கேட்பதுதான் விசுவாசம் என்று நினைக்கிறவர்கள் அந்தக் கடிதங்களை ஒருமுறையாவது படிக்கவேண்டும்.

1886 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியா போனார். பெண்கள் மருத்துவக் கல்லூரியில் உறவுக்காரப் பெண் ஆனந்திபாய் ஜோஷிக்குப் பட்டமளிப்பு. தனக்குக் கிடைக்காமல் போன படிப்பை இன்னொருத்தி முடித்ததைக் கொண்டாடவே அட்லாண்டிக்கைத் தாண்டினார் ரமாபாய். (ஆனந்திபாய் மறு ஆண்டே புனேயில் இறந்தார், 21 வயதில்.) விழாவுக்குப் போனவர் அமெரிக்காவிலேயே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தங்கிவிட்டார். கிண்டர்கார்டன் கல்விமுறையைக் கற்றார். இந்திய விதவைகளின் நிலைமையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 1887-இல் பாஸ்டனில் அமைந்த ரமாபாய் சங்கம், அவர் இந்தியாவில் தொடங்கவிருந்த விதவைகள் பள்ளிக்குப் பத்தாண்டுகள் பணம் தர ஒப்புக்கொண்டது.

1889 மார்ச் 11 அன்று மும்பையில் அந்தப் பள்ளி, சாரதா சதன் என்ற பெயரில் திறந்தது. மறு ஆண்டு நவம்பரில் அது புனேக்கு மாறியது. அன்றைய புனே எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு செய்தி போதும். அதற்கு முந்தைய மாதம்தான், பஞ்ச் ஹௌத் மிஷனில் ரானடே, திலகர் போன்றவர்கள் பாதிரிமாரோடு தேநீர் குடித்தார்கள்; அதற்காக அவர்கள் மேலேயே பின்னர் சாதி விலக்கு வழக்கு கிளம்பி, பிராயச்சித்தம் வரைக்கும் போயிற்று. அந்த ஊரில், கிறிஸ்தவளான ஒரு விதவை, பிராமண வீட்டு இளம் விதவைகளை வைத்துப் பள்ளி நடத்தினார். மதப் பிரச்சாரம் செய்யமாட்டேன் என்று வாக்களித்திருந்தார். ஆனால் அவர் ஜெபிக்கும்போது அறைக்கதவு திறந்தே இருந்தது. சில பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். 1893-இல் திலகரின் ‘கேசரி’ பத்திரிகை கண்டித்து எழுதியது. சீர்திருத்தவாதிகளான ரானடேயும் பண்டார்கரும் சதனின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெண்களை உறவினர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சோறும் படிப்பும் கொடுக்கிற கை ஜெபத்துக்கும் குவிந்தால், அண்டி நிற்கிற பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கும்? ஆனால் கூட்டிப்போன பெண்களுக்கு அவர்கள் வேறு என்ன வைத்திருந்தார்கள் என்றும் கேட்கத்தான் வேண்டும்.

அதற்குப் பதில் சதனுக்குள்ளிருந்தே வந்தது. அங்கே சேர்ந்த முதல் விதவை கோதுபாய். 1893 மார்ச்சில் ஃபெர்கூசன் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தோண்டோ கேசவ் கார்வே அவரை மணந்தார். கார்வே இந்துவாகவே இருந்தார். 1896-இல் விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். அது புனேக்கு வெளியே ஹிங்கணேயில் வளர்ந்தது. 1916-இல் பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தையும் தொடங்கினார். ரமாபாய் போட்ட எந்தத் திட்டத்திலும் இது இல்லை.

பாஸ்டன் பணம் பத்தாண்டுக்குத்தான் என்பதால், புனேயிலிருந்து சோலாப்பூர் போகும் ரயில் பாதையில், கேட்காவ் என்ற ஊரில் நூறு ஏக்கர் வாங்கிப் பழத்தோட்டம் போட்டிருந்தார். சதன் சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்ற கணக்கு. 1896-97-இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம். தன் வீட்டாரைத் தின்ற பசியைத் திரும்பப் பார்த்தவர் சும்மா இருக்கவில்லை. நிவாரண முகாம்களுக்குத் தானே போய், ஏறத்தாழ 300 பெண்களையும் சிறுமிகளையும் கூட்டிவந்தார். புனேயிலோ பிளேக். ஊருக்குள் இத்தனை பேரை வைத்துக்கொள்ள அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. பழத்தோட்டத்தில் கொட்டகை போட்டார்கள். அதுதான் முக்தி என்ற இல்லம். 1900 குஜராத் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். நெசவு, எண்ணெய்ச் செக்கு, அச்சகம், பார்வையற்றோருக்குத் தனிப் பள்ளி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பல வேலைகளைப் பெண்களே பார்த்தார்கள்.

ஆதரவற்ற பெண் தன் கையால் பிழைக்கவேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை. மருத்துவம், பள்ளி, தோட்டம் எல்லாம் அதற்கு அவர் போட்டுப் பார்த்த வழிகள்.

கடைசி ஆண்டுகளில் அவர் தன்னைக் கொடுத்தது மொழிபெயர்ப்புக்கு. எபிரேயமும் கிரேக்கமும் கற்று, கிராமத்துப் பெண்ணுக்கும் புரிகிற மராத்தியில் முழு வேதாகமத்தையும் தந்தார். 1921-இல் மகள் மனோரமா இறந்தார். 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாயும் போனார். 1924-இல் முக்தியின் அச்சகத்திலேயே புத்தகம் வெளிவந்தது. மராத்திச் சபைகளில் இன்று பரவலாகப் புழங்குவதோ வேதாகமச் சங்கத்தின் பதிப்புதான். அத்தனை ஆண்டு உழைப்பு வீண்தானா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ரமாபாய் கேட்டிருப்பாரா என்பதும் சந்தேகமே.

மகாராஷ்டிரத்திலிருந்து இன்னும் ஒருவர் பாக்கி. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் கையில் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொடுக்க, 1895-இல் ஞானஸ்நானம் பெற்ற கவிஞர் நாராயண் வாமன் திலக். அவர் மனைவி லக்ஷ்மிபாய் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதுதான் அங்கே பெரிய கதை. அது அடுத்த வாரம்.