பொதுக் காரியமும் சொந்த லாபமும்

விற்பவனும் வாங்குபவனும் ஒருவனேயானால் விலையை நிர்ணயிப்பவர் யார்? கூட்டுறவுச் சங்கத்துப் பஞ்சாயத்தாரும் கிராமப் பஞ்சாயத்து அங்கத்தினரும் அடிக்கடி எதிர்ப்படும் கேள்வி இது. ஆகவே இதனைச் சங்கத்து அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

இங்கு நாம் கூறப் புகுவது திருட்டைப் பற்றியன்று. சங்கத்திற்கு வரவேண்டிய உரமூட்டைகளை ரயில் நிலையத்திலிருந்து கொண்டுவர வண்டி வேண்டும். பஞ்சாயத்தாரில் ஒருவருக்குச் சொந்த வண்டி உண்டு. வாடகையைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அவரும் அமர்ந்து கையெழுத்திடுகிறார். அவர் கேட்டது நியாயமான வாடகையாகவே இருக்கலாம். ஆயினும் அது நியாயமானதென்று சொல்ல ஊரில் எவராலும் இயலாது. தராசைப் பிடித்தவரே சரக்குக்கும் உடையவராக இருந்தமையே அதற்குக் காரணம். சொந்த நலமும் பொதுக் கடமையும் ஒருவரிடத்தே சந்திக்குமிடத்து, யோக்கியரும் சந்தேகத்திற்கு ஆளாகின்றனர்.

நம் சங்கங்களின் பூர்வ சரித்திரத்தை நோக்கினால் இதன் முக்கியத்துவம் விளங்கும். ஜெர்மனியில் ரெய்பைசன் என்பார் கண்ட கிராமச் சங்க முறையைப் பிரெடரிக் நிக்கல்சன் 1895-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது அறிக்கையில் சென்னை மாகாணத்திற்குச் சிபாரிசு செய்தார். 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ், திருவள்ளூரை அடுத்த திரூரில் அவ்வாண்டிலேயே சங்கம் பதிவாயிற்று. அக்காலத்துக் கிராமக் கடன் சங்கங்கள் பெரும்பாலும் வரையறையற்ற பொறுப்புடையவை. ஒருவர் வாங்கிய கடன் வசூலாகாவிடில், சங்கத்தின் நஷ்டத்திற்கு அங்கத்தினர் அனைவரின் நிலமும் வீடும் ஈடாகும். பஞ்சாயத்தார் ஒருவர் தம் மைத்துனருக்குத் தகுதிக்கு மீறிக் கடன் கொடுப்பாரானால், அயலானின் வயலைப் பணயம் வைத்தவராவார். இன்று சங்கங்களில் பொறுப்பு பெரும்பாலும் வரையறுக்கப்பட்டதே. எனினும் ஏழையின் பங்குத்தொகையும் விதவையின் வைப்புத்தொகையும் இன்றும் அதே ஆபத்திற்கு உட்பட்டவை.

இம்முரண்பாடு மூன்றிடங்களில் பெரிதும் தலைகாட்டும். முதலாவது, கடன் வழங்குதல்: தமக்கோ, உறவினருக்கோ, தாம் ஜாமீன் நின்றவருக்கோ கடனை அனுமதித்தல், தவணையை நீட்டித்தல். இரண்டாவது, ஏலம்: பாக்கிக்காக விற்பனைக்கு வரும் சொத்தைப் பிறர் பெயரில் தாமே எடுத்தல். மூன்றாவது, ஒப்பந்தமும் கொள்முதலும்: கிட்டங்கி வாடகை, கட்டட வேலை, சாமான் வாங்குதல் முதலியன.

சட்டமும் இதனைப் பொறுப்பதில்லை. விலக்கப்பட்ட சொத்தை அரசாங்க ஊழியர் ஏலத்தில் எடுப்பதை 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் 169-ஆவது பிரிவில் குற்றமாக்கியது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையிலும் அவ்விதி தொடர்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, ஊராட்சியோடு நடப்பிலுள்ள ஒப்பந்தத்தில் பங்குடையவரை அங்கத்தினராயிருக்கத் தகுதியற்றவராக்குகிறது. நம்பிக்கைத் துரோகத்தாலோ வேண்டுமென்றே செய்த அசட்டையாலோ சங்கத்திற்கு நஷ்டம் விளைத்தவரிடமிருந்து அந்நஷ்டத்தைத் தண்டத் தீர்வையாக வசூலிக்கத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983, 87-ஆவது பிரிவில் இடமளிக்கிறது.

“சிற்றூரில் எல்லாரும் உறவினரே, உறவினருக்குக் கடன் இல்லையென்றால் யாருக்குத்தான் கொடுப்பது?” என்று சிலர் வினவுவர். நியாயமான கேள்வியே. உறவு குற்றமன்று, பஞ்சாயத்தாரின் உறவினர் என்பதற்காகத் தகுதியுள்ள குடியானவருக்குக் கடனை மறுப்பதும் அநீதியே. உறவை மறைப்பதும், மறைத்துத் தீர்ப்புச் சொல்வதுமே குற்றம்.

இதற்குரிய பரிகாரம் மிக எளிது. விஷயம் ஆலோசனைக்கு வருமுன் சம்பந்தப்பட்டவர் தம் சம்பந்தத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின்பு கூட்டத்தை விட்டு வெளியே செல்ல வேண்டும். மௌனமாக அங்கேயே அமர்ந்திருத்தல் போதாது, ஏனெனில் முகத்துக்கு எதிரே மறுத்துப் பேச அயலார் கூசுவர். அவர் சொன்னதும், வெளியே சென்றதும், எஞ்சியோர் தீர்மானித்ததும் தீர்மானப் புத்தகத்தில் அன்றே எழுதப்பட வேண்டும். கொள்முதலாயின், வேறிருவரிடமேனும் விலை கேட்டு அதையும் குறித்து வைத்தல் நலம். இவ்வாறு செய்த பஞ்சாயத்தாருக்குத் தணிக்கை நாளில் அந்தப் புத்தகமே சாட்சி சொல்லும்.

பொறுப்பு பஞ்சாயத்தாருடையது மட்டுமன்று. பொதுச்சபையில் வரவு செலவு வாசிக்கப்படும்போது, “இவ்வாடகை யாருக்குச் சென்றது? தீர்மானத்தில் யார் யார் இருந்தனர்?” என மரியாதையுடன் கேட்பது அங்கத்தினர் ஒவ்வொருவரின் உரிமை. அக்கேள்வியைப் பகையென்று எண்ணலாகாது. கேட்க ஆளிருக்கும் சங்கத்தில் நல்லவருக்கு அவப்பெயர் இல்லை, பணத்திற்கும் பயமில்லை.