ஸ்கிரீனில் இருந்த நிறம் ஃபைலில் எங்கே போச்சு? கிராஃப் போடுபவர்களைப் படுத்தும் 'ஆல்ஃபா' சிக்கல்

இரண்டு கோடுகள். ஒவ்வொன்றையும் சுற்றி வெளிர் நிறத்தில் ஒரு பட்டை. கணிப்பு எவ்வளவு தூரம் தவறலாம் என்பதைக் காட்டும் பட்டை அது. லேப்டாப்பில் பார்த்தால் இரண்டும் மேலும் கீழுமாகக் கலந்து அழகாகத் தெரிகிறது. அதையே ஆய்விதழ் கேட்டபடி இ.பி.எஸ் ஃபைலாக சேமித்தால், மேலே உள்ள பட்டை கீழே உள்ளதை மொத்தமாக மூடிவிடுகிறது. இரண்டு பட்டைகளும் எங்கே ஒன்றுசேர்கின்றன என்பதுதான் அந்தப் படத்தின் செய்தியே. அதுவே காணோம்!

கணினியில் ஒவ்வொரு நிறத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. நான்காவதாக வருவதுதான் ஆல்ஃபா. 1 என்றால் முழு நிறம், 0 என்றால் கண்ணுக்கே தெரியாது. 0.5 கொடுத்து இரண்டு புள்ளிகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் அந்த இடம் 75 சதவீதம் அடர்த்தியாகும். பத்தாயிரம் புள்ளிகள் இருக்கும் படத்தில் கூட்டம் எங்கே அதிகம் என்று நம் கண் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

அப்போ இ.பி.எஸ்ஸுக்கு என்ன பிரச்சினை? அதன் அடிப்படை, 1984-ல் அடோபி கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி. சுவர் விளம்பரம் எழுதுகிறவர் பழைய எழுத்தின் மேல் பெயின்ட் அடிப்பது போலத்தான் அது வேலை செய்யும். அடித்தால் அடித்ததுதான், கீழே இருப்பது தெரியாது. பி.டி.எஃப்-புக்கே 2001-ல் வந்த 1.4 பதிப்பில்தான் இந்த வசதி கிடைத்தது.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. ஒரே தவறை இரண்டு மென்பொருள்கள் நேரெதிராகச் செய்கின்றன. பைத்தானின் மேட்பிளாட்லிப்பில் இ.பி.எஸ் எடுத்தால், பாதி தெரியும் நிறம் முழு நிறமாகிவிடும். ஆர் மொழியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் வசதியில் எடுத்தால் அந்தப் பகுதி வரையப்படாமலே போய்விடும். ஒன்றில் பட்டை மறைக்கும், இன்னொன்றில் பட்டையே மறைந்துவிடும். இரண்டுமே எச்சரிக்கை வாசகம் ஒன்றைக் காட்டும்தான். ஆனால் ராத்திரி 11 மணிக்கு டெட்லைனோடு இருப்பவர் அதை எங்கே படிக்கிறார்?

சரி, என்ன செய்யலாம்?

பி.டி.எஃப் அல்லது எஸ்.வி.ஜி ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள். இ.பி.எஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஒன்றின் மேல் ஒன்று விழும் பட்டைகளை மட்டும் சேர்த்து பிக்ஸல் படமாக்கி, கோடுகளையும் எழுத்துகளையும் அப்படியே விட்டுவிடலாம். ஆர் பயன்படுத்துபவர்களுக்கு கெய்ரோ வழியாக எடுக்கும் வசதி இந்த வேலையைத் தானே செய்துவிடும். ஒற்றைப் பட்டை என்றால் இன்னும் சுலபம். வெள்ளைப் பின்னணியில் 0.3 ஆல்ஃபா கொண்ட சுத்த நீலம், 179, 179, 255 என்ற சாதாரண வெளிர் நீலத்துக்குச் சமம். அந்த எண்களையே நேரடியாகக் கொடுத்துவிடுங்கள்.

பி.என்.ஜி-யில் ஆல்ஃபாவுக்குத் தனி இடமே உண்டு. அங்கே ஆபத்து வேறு மாதிரி. பின்னணி இல்லாமல் சேமித்த ஒரு கிராஃபை நானே இணையத்தில் ஏற்றியிருக்கிறேன். டார்க் மோடில் பார்த்த நண்பருக்கு கறுப்பு எழுத்துகள் எதுவுமே தெரியவில்லை, கோடு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. அன்றிலிருந்து வெள்ளைப் பின்னணிதான். ஜேபெக்கில் ஆல்ஃபாவே கிடையாது. சில மென்பொருள்கள் காலி இடத்தைக் கறுப்பாக நிரப்பிவிடும்.

பி.டி.எஃப்-பில் நிற அளவுகோலின் நடுவே மெல்லிய வெள்ளைக் கீற்றுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தக் கீற்று தடிமனாகவில்லையா? அது படத்தைத் திறக்கும் மென்பொருளின் கோளாறு. பெட்டிகளின் ஓரத்துக்கும் உள்நிறத்தையே கொடுத்தால் மறைந்துவிடும். ஆனால் ஆல்ஃபா 1-க்குக் குறைவாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வெள்ளைக் கீற்று இருந்த இடத்தில் கருங்கீற்று வந்து நிற்கும்.