ஊருக்கெல்லாம் எண்ணெய் ஊட்டிய "திமிங்கலம்": உள்ளே இருந்த 3 பேருக்குத் தப்ப ஆசனம் இல்லை!

நடுவானில் பறந்தபடியே மற்ற விமானங்களுக்கு எண்ணெய் ஊட்டிய விமானம் அது. எண்ணெய் தீர்ந்து கடலில் விழ இருந்த எத்தனையோ பைலட்டுகளை அது காப்பாற்றியது. ஆனால், அதற்குள் இருந்த 3 பேருக்கு ஓர் ஆபத்து என்றால்? ஆசனத்தோடு ஆளை வெளியே தூக்கி எறியும் பொறி அவர்களுக்குக் கிடையாது!

அந்த விமானத்தின் பெயர் "ஏ-3 ஸ்கைவாரியர்". அமெரிக்கக் கடற்படைக்குச் சொந்தமானது. 1956-ம் ஆண்டு படையில் சேர்ந்தது. 1991-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஓய்வு பெற்றது.

அதில் பறந்தவர்கள் எல்லாம் இப்போது பேரன், பேத்தி எடுத்துவிட்ட தாத்தாக்கள். ஆனாலும் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஒன்றுகூடினால் பேச்சு எல்லாம் "திமிங்கல"த்தைப் பற்றித்தான். ஸ்கைவாரியருக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் அது.

2 பஸ் நீளம்

பெயர் பொருத்தம்தான். விமானத்தின் நீளம் 23 மீட்டர். நம்மூர் டவுன் பஸ் இரண்டை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவோ, அவ்வளவு. ஒரு இறக்கை நுனியில் இருந்து மறு நுனிக்கு 22 மீட்டர். முழுச் சுமையோடு 37 டன். இவ்வளவையும் கப்பலின் மேல்தளத்தில் இருந்து கிளப்பி, திரும்ப அதே தளத்தில் இறக்க வேண்டும். அடேயப்பா!

இது எண்ணெய் ஊட்டப் பிறந்த விமானம் அல்ல. அணுகுண்டு போடப் பிறந்தது. எட் ஹைன்மன் என்ற பிரபல நிபுணர் "டக்ளஸ்" கம்பெனிக்காக இதை வடிவமைத்தார். 1952-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி முதன்முதலாகப் பறந்தது.

கப்பலில் ஏற்ற வேண்டும் என்றால் எடையைக் குறைத்தாக வேண்டும். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் தூக்கி எறியும் ஆசனத்தையும் கழித்துவிட்டார்கள். இதனால் மட்டும் ஒன்றரை டன்னுக்கு மேல் மிச்சம்.

அதற்கு ஒரு நியாயமும் சொன்னார்கள். விமானம் மிக உயரத்தில் பறக்கும். ஆபத்து வந்தால் குதிக்க நேரம் இருக்கும். தரைப்பக்கம் ஒரு கதவு. அதற்குச் சறுக்குமரம் மாதிரி ஒரு வழி. அதில் வழுக்கி விழுந்து பாராசூட்டை விரித்துக்கொள்ளலாம் என்றார்கள்.

உயரத்தில் இருந்தால் சரி. கப்பலில் இருந்து கிளம்பும்போதே எஞ்சின் நின்றால்? கீழே கடல். வழுக்கி விழ ஏது நேரம்?

"மூணு பேரும் காலி"

விமானத்தின் பழைய பெயர் "ஏ-3-டி". கடற்படை ஆட்கள் அந்த எழுத்துக்களுக்கு வேறு விளக்கம் கொடுத்தார்கள். "ஆல் த்ரீ டெட்!" அதாவது, "மூணு பேரும் காலி!"

சொன்னவர்கள் வெளியாட்கள் அல்ல. அதிலேயே ஏறிப் பறந்தவர்கள்தான் இப்படிக் கேலி பண்ணிக்கொண்டார்கள். மனசுக்குள் பயம் இருந்தால் வாயில் கேலி வரும் போலும்.

இன்னொரு வேடிக்கை. இதே விமானத்தை ஒட்டி அமெரிக்க விமானப்படை "பி-66" என்று ஒன்றைச் செய்துகொண்டது. அதில் தூக்கி எறியும் ஆசனம் உண்டு! தரையில் இருந்து கிளம்பும் அவர்களுக்கு எடைக் கவலை அவ்வளவாக இல்லை.

கப்பலில் இருந்து புறப்படும்போதும், இறங்கும்போதும் தலைக்கு மேலே உள்ள கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். தண்ணீரில் விழுந்தால் அந்த வழியாக ஏறித் தப்பிக்கத்தான். காற்றும் இரைச்சலும் காதைப் பிளக்கும்.

பைலட் இடதுபக்கம். அவருக்கு வலதுபக்கம் வழிகாட்டி. மூன்றாவது ஆள் பாடுதான் கஷ்டம். பைலட்டுக்குப் பின்னால், முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். கப்பலின் எறிபொறி விமானத்தை முன்னால் வீசும்போது இவர் மட்டும் பெல்ட்டில் தொங்குவார். எங்கே போகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. எங்கிருந்து வந்தோம் என்பதுதான் தெரியும்!

தண்ணீர் லாரி மாதிரி

வியட்நாம் போர் வந்தது. 1965-ல் ஸ்கைவாரியரும் குண்டு போட்டது. ஆனால் சீக்கிரமே அதற்கு வேறு வேலை வந்தது. வயிற்றில் குண்டு இருந்த இடத்தில் எண்ணெய்த் தொட்டியும், சுருட்டி வைத்த குழாயும் ஏறின. "கே.ஏ.-3-பி" என்று பெயரும் மாறியது.

குழாயின் நுனியில் கூடை போல ஒன்று இருக்கும். பின்னால் வரும் விமானம் தன் மூக்குக் குழலை அந்தக் கூடைக்குள் செருக வேண்டும். காற்றில் கூடை ஆடும். இருட்டில், எண்ணெய் முள் அடிமட்டத்தில் இருக்கும்போது செருகிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

சண்டை விமானங்கள் இரவில் கப்பலுக்குத் திரும்பும் நேரம்தான் திகில். தளத்தில் உள்ள கம்பியைக் கொக்கி பிடிக்கத் தவறினால், மறுபடி மேலே போய்ச் சுற்றி வர வேண்டும். இரண்டு தடவை தவறினால் எண்ணெய் காலி. அப்போது மேலே வட்டமிடும் "திமிங்கலம்" இறங்கி வந்து, குழாயை விட்டபடி அந்த விமானத்துக்கு முன்னால் நிற்கும். கோடையில் தண்ணீர் லாரியைக் கண்ட தெருவாசிகள் மாதிரி பைலட்டுகளுக்கு உயிர் வரும்.

3 நிமிடத்துக்குத்தான் எண்ணெய்!

1967-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி நடந்தது, கதை மாதிரி இருக்கும். ஆனால் கதை அல்ல.

டாங்கின் வளைகுடாவுக்கு மேலே விமானப்படையின் பெரிய எண்ணெய் விமானம் ஒன்று பறந்துகொண்டு இருந்தது. அதன் தலைவர் மேஜர் ஜான் கேஸ்டீல். 2 "எப்-104" விமானங்களுக்கு அவர் எண்ணெய் கொடுத்துக்கொண்டு இருந்தபோது அவசரச் செய்தி வந்தது. கடற்படையின் 2 எண்ணெய் விமானங்களுக்கே எண்ணெய் தீர்ந்துகொண்டு இருக்கிறது!

இரண்டும் "திமிங்கலங்கள்". ஊட்டுகிறவருக்கே பட்டினி! மற்றவர்களுக்குக் கொடுக்க அவற்றிடம் எண்ணெய் இருந்தது. ஆனால் அதைத் தாங்களே எடுத்துக் குடிக்க முடியாத நிலை. அண்டா நிறையச் சோறு, கைதான் எட்டவில்லை. ஒரு விமானத்தில் இன்னும் 3 நிமிடத்துக்குத்தான் எண்ணெய்!

அவசரமாக வந்து ஒரு "திமிங்கலம்" பெரிய விமானத்தின் குழாயைப் பிடித்தது. அந்த நேரம் பார்த்து, கடற்படையின் 2 "எப்-8" சண்டை விமானங்கள் வந்து சேர்ந்தன. அவற்றுக்கும் எண்ணெய் இல்லை. அதில் ஒருவரால் வரிசையில் காத்திருக்கக்கூட முடியாது.

அவர் காத்திருக்கவில்லை. மேலே குடித்துக்கொண்டு இருந்த "திமிங்கல"த்தின் குழாயில் கீழே இருந்து செருகிவிட்டார்! பெரிய விமானம் "திமிங்கல"த்துக்குக் கொடுக்க, "திமிங்கலம்" சண்டை விமானத்துக்குக் கொடுக்க, மூன்றும் ஒரே சரமாகப் பறந்தன. அப்படி மூன்று அடுக்காக எண்ணெய் மாறியது அதுவே முதல் தடவை.

அதோடு முடியவில்லை. பின்னாலேயே 2 "எப்-4" விமானங்களும் வந்து கையேந்தின. அவர்களுக்கும் கொடுத்தார் கேஸ்டீல். ஆக மொத்தம் 8 விமானங்கள் பிழைத்தன. கொடுத்துக் கொடுத்தே அவருக்குச் சொந்த ஊர்த்தளம் போய்ச்சேர எண்ணெய் இல்லை. தெற்கு வியட்நாமில் வேறொரு தளத்தில் போய் இறங்கினார். கேஸ்டீலுக்கும் அவருடன் இருந்தவர்களுக்கும் அந்த ஆண்டுக்கான "மக்கே" கோப்பை கிடைத்தது. நடுவில் தொங்கிய கடற்படைக்காரர்கள் கப்பலுக்குத் திரும்பி அடுத்த வேலையைப் பார்த்தார்கள்.

மனைவி போட்ட வழக்கு

திரும்பி வராதவர்களும் உண்டு. வியட்நாமில் ஸ்கைவாரியரில் இறந்த ஒருவருடைய மனைவி, 1973-ம் ஆண்டு விமானக் கம்பெனி மீது வழக்குப் போட்டார். "ஆசனப் பொறி ஏன் வைக்கவில்லை?" என்பதுதான் வழக்கு. ஒன்றரை டன் மிச்சம் என்று கணக்குப் போட்டவர்கள் யாரும் அந்த அம்மாளின் வீட்டு வாசலில் நின்று கணக்குச் சொல்லி இருக்க முடியாது.

அதன்பிறகும் "திமிங்கலம்" பல ஆண்டுகள் பறந்தது. ஆசனம் மட்டும் கடைசி வரை வரவில்லை. எண்ணெய் ஊட்டும் வேலையைக் கப்பல்களில் "கே.ஏ.-6-டி" என்ற விமானம் எடுத்துக்கொண்டது. அதில் ஆசனப் பொறி உண்டு. இப்போது ஆளே இல்லாத "எம்.க்யூ.-25" விமானத்தை அந்த வேலைக்குத் தயார் செய்கிறார்கள். 2021-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி, சோதனையில் அது ஒரு சண்டை விமானத்துக்கு நடுவானில் எண்ணெய் ஊட்டியது.

கடற்படை கைவிட்ட பிறகும் சில ஸ்கைவாரியர்கள் கம்பெனிகளிடம் சோதனை வேலைக்காகப் பறந்தன. அவற்றில் கடைசியாகப் பறந்தது 2011-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி. புளோரிடா மாநிலம் பென்சகோலாவில் உள்ள கடற்படை விமானக் காட்சிச்சாலைக்கு அது தானே பறந்து போய் இறங்கியது. எண்ணெய் ஊட்டிய "கே.ஏ.-3-பி" ஒன்று டெக்சாசில், காட்சிச்சாலை ஆகிவிட்ட "லெக்சிங்டன்" கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறது. கப்பலைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதையும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.