மதிய மணிக்கு முன் ஓர் ஊசி

ஆஸ்துமா, வலிப்பு நோய், தலசீமியா, முதல் வகை நீரிழிவு என முழுமையாகக் குணமாகாமல் ஆண்டுக்கணக்கில் மருந்தால் கட்டுக்குள் வைக்கப்பட வேண்டிய நோய்களோடு வாழும் குழந்தைகளில் பெரும்பாலோர், மற்றக் குழந்தைகளைப் போலவே படிக்கவும் விளையாடவும் தேர்வெழுதவும் வல்லவர்கள். ஆயினும் பள்ளி நேரத்திலேயே மருந்தும் பரிசோதனையும் தேவைப்படுவதால், பள்ளியின் ஒத்துழைப்பை அன்றாடம் நம்பியிருப்பவர்கள் மக்கள் வழக்கில் ‘டைப் 1 சர்க்கரை’ எனப்படும் முதல் வகை நீரிழிவு கண்ட குழந்தைகள். உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுவதால் வரும் இந்நோயில், இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் திசுக்களுக்குள் சென்று சேர உதவும் அந்த ஹார்மோனை ஊசி மூலம் நாள்தோறும் பலமுறை செலுத்த வேண்டியிருக்கிறது. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை, இந்நோய் கண்ட குழந்தைகள் பிழைத்ததில்லை. இனிப்பை அதிகம் தின்றதால் வந்தது என்றும், அருகில் உட்கார்ந்தால் தொற்றிக்கொள்ளும் என்றும் இன்றும் சொல்லப்படுவனவற்றில் சிறிதும் உண்மையில்லை.

ஊசியைவிடக் கடினமானது அதை உணவு நேரத்தோடு பொருத்துவது. விலை குறைந்ததும் பரவலாகப் பயன்படுவதுமான மனித இன்சுலின், செலுத்திய பிறகு வேலையைத் தொடங்க ஏறத்தாழ 30 நிமிடங்கள் எடுத்துக்கொள்வதால், அதை உணவுக்கு அரைமணி நேரம் முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும்; அதாவது மதிய மணி அடிப்பதற்கு முன், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே குழந்தை எழுந்து செல்ல வேண்டும். ஆசிரியர் அனுமதிக்கத் தாமதித்தால் ஊசி தள்ளிப்போகிறது. ஊசி போட்ட பிறகு சத்துணவு வரிசை நீண்டு சோறு கைக்கு வரத் தாமதமானால், உணவில்லாத உடலில் இன்சுலின் வேலை செய்து சர்க்கரையின் அளவைக் கீழே இறக்கிவிடுகிறது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022இல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் பெருமை என்பதில் ஐயமில்லை. அவற்றின் பந்தியில் இக்குழந்தையும் உட்காரலாம். பொங்கலோ உப்புமாவோ சாம்பார் சாதமோ, இவ்வளவு என்று அளவு தெரிந்தால் அதற்கேற்ப மருந்தின் அளவை மருத்துவர் வகுத்துத் தருவார். சத்துணவு அமைப்பாளர் செய்ய வேண்டியது, அக்குழந்தைக்கு முதலில் பரிமாறுவதும், ஒருநாளைக்கு ஒருநாள் அளவு பெரிதும் மாறாமல் பார்த்துக்கொள்வதும் மட்டுமே.

இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதைத் தாழ்சர்க்கரை நிலை என்பர். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி ஆகியவை முதலில் தெரிந்தாலும், மூளைக்குச் செல்லும் குளுக்கோஸ் குறையக் குறையக் குழந்தை எரிச்சலோடு பேசலாம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வெறித்துப் பார்க்கலாம், கரும்பலகையில் இருப்பதை எழுதாமல் மேசையில் தலை சாய்க்கலாம். இவற்றை அடங்காமை என்றோ சோம்பல் என்றோ கொண்டு நிற்க வைத்துத் தண்டிக்கும் ஆசிரியர், அறியாமலேயே ஓர் உயிரோடு விளையாடுகிறார். செய்ய வேண்டியதோ மிக எளிது: வயதையும் எடையையும் பொறுத்து 10 முதல் 15 கிராம் குளுக்கோஸ் மாவையோ, மூன்று தேக்கரண்டி வரை சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டர் என்னும் சிறு கருவியால் மீண்டும் சோதித்து, ஏறவில்லையெனில் மறுபடியும் கொடுக்க வேண்டும். சாக்லேட்டிலுள்ள கொழுப்பு சர்க்கரை உடலில் சேர்வதைத் தாமதப்படுத்துவதால் அது இந்த அவசரத்துக்கு ஏற்றதன்று. இந்நிலையிலுள்ள குழந்தையைத் தனியாகத் தலைமையாசிரியர் அறைக்கோ வீட்டுக்கோ ஒருபோதும் அனுப்பக்கூடாது. நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், மூச்சுக்குழாயில் புரையேறிவிடாதபடி ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108க்கு அழைக்க வேண்டும்.

சர்க்கரை மிகும்போது நிலைமை வேறு. சிறுநீரகங்கள் மிகுதியான குளுக்கோஸை நீரோடு வெளியேற்ற முயல்வதால் அடிக்கடி சிறுநீர் வருகிறது, தாகம் தணிவதில்லை. “இப்போதுதானே போய்விட்டு வந்தாய்?” என்ற கேள்வி வகுப்பு முழுவதன் முன்னிலையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும்போது, குழந்தைகள் பலர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள், அது உடலை மேலும் வறளச் செய்து, இரத்தம் அமிலத்தன்மை அடையும் ஆபத்தான நிலைக்குத் தள்ளக்கூடும். கேட்காமலேயே கழிப்பறைக்குச் செல்லவும், பாட நேரத்திலும் தண்ணீர் குடிக்கவும் அனுமதி அளிப்பதற்குப் பள்ளிக்கு ஒரு காசும் செலவில்லை. ஊசி போடும் இடமாகவும் அதே கழிப்பறையைக் காட்டுவது மட்டும் எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. கை கழுவ வசதியும் ஒரு நாற்காலியும் மறைவும் உள்ள மூலை எந்தப் பள்ளியிலும் இல்லாமற்போகாது. மருந்தை வைப்பதும் அப்படித்தான்: குளிர்பதனப் பெட்டி இல்லாத பள்ளிகளில், ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள் மூடிய டப்பாவில் இன்சுலினை வைத்துக் கோடை வெப்பத்திலிருந்து காப்பது கிராமத்து வீடுகள் ஏற்கெனவே அறிந்த முறை.

சட்டம் இவ்விஷயத்தில் பாதி வழிதான் துணை வருகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகிலுள்ள பள்ளியில் இடம் உண்டு என்கிறது. உடல்ரீதியான தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய் ஆகிய இரத்த நோய்கள் இடம்பெற்றிருந்தும், முதல் வகை நீரிழிவு இடம்பெறவில்லை. 2017இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பொதுத்தேர்வுகளில் இக்குழந்தைகள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் ஆகியவற்றைத் தேர்வு அறைக்குள் கொண்டுசெல்ல அனுமதித்தது. 2023இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், வகுப்பறையிலேயே சர்க்கரையைச் சோதிக்கவும் ஊசி போடவும் இடைவேளை உணவு உண்ணவும் இடமளிக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. நல்ல அறிவுறுத்தல்தான், ஆனால் தலைமைச் செயலகத்துக்கு வந்த கடிதம் நான்காம் வகுப்பு ‘ஆ’ பிரிவு ஆசிரியரின் மேசை வரை தானாக வந்துவிடுவதில்லை.

நடைமுறையில் இக்குழந்தைகளைக் காப்பாற்றிவருவது பெரும்பாலும் அன்புள்ள ஓர் ஆசிரியரே. ஆனால் அவர் பணியிட மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்குச் சென்றுவிட்டாலோ, ஜூன் மாதத்தில் குழந்தை அடுத்த வகுப்புக்கு ஏறிவிட்டாலோ, அதுவரை சேர்ந்த புரிதல் அவரோடு போய்விடுகிறது; தாய் மீண்டும் பள்ளி வாசலில் நின்று முதலிலிருந்து விளக்கத் தொடங்குகிறார். அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவின்படி பொதுப் பள்ளிகளில் இத்தகைய குழந்தைக்கு எழுத்து வடிவில் ஒரு திட்டம் வகுக்கப்படுகிறது. இங்கும் அதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவர் கையெழுத்திட்ட ஒற்றைத் தாளில் ஊசியின் நேரமும் அளவும், தாழ்சர்க்கரையின் அறிகுறிகளும், உடனே கொடுக்க வேண்டியதும், அழைக்க வேண்டிய எண்களும் தமிழில் இருந்தால் போதும். பெற்றோரே பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு அதை ஏற்றுப் பதிவு செய்யலாம். ஐந்தாம் வகுப்பு முடிந்து வேறு பள்ளிக்குச் செல்லும்போது மாற்றுச் சான்றிதழோடு அத்தாளும் செல்லலாம்.

அத்தாளை யார் பார்க்கலாம் என்பதைக் குழந்தையும் பெற்றோருமே முடிவு செய்ய வேண்டும். பெண் குழந்தைகளின் வீடுகளில், நாளை வரன் அமைவதற்குத் தடையாகும் என்ற அச்சத்தால் நோயை மறைக்கும் வழக்கம் ஆழமாக வேரூன்றியிருப்பதால், தகவலை வகுப்பில் அறிவித்துவிடும் ஆசிரியர், நல்லெண்ணத்தோடு செய்தாலும், அக்குடும்பத்தைப் பள்ளியிடமிருந்து விலகச் செய்துவிடக்கூடும். ஆயினும் வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர் ஆகிய மூவருக்கு மட்டும் கட்டாயம் தெரிய வேண்டும். ஓட்டப் பயிற்சி சர்க்கரையை இறக்கும் என்பதால் உடற்கல்வி ஆசிரியர் குழந்தையை மைதானத்திலிருந்து விலக்கிவைக்க வேண்டியதில்லை. ஓடுவதற்கு முன் சோதித்து, தேவையானால் சிறிது உண்ண வைத்தால் போதும். இவர்களோடு, குழந்தை தானே தேர்ந்தெடுக்கும் ஒரு தோழியோ தோழனோ சேர வேண்டும். ஏனெனில் மாலையில் ஊர் திரும்பும் பேருந்தில் ஆசிரியர் இருக்கமாட்டார், குளுக்கோஸ் பொட்டலம் பையின் எந்த அறையில் இருக்கிறது என்பது அந்த ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.